ஆகாயத்திலிருந்து ஆற்று நீர்மட்டம் அளத்தல்

பவானிசாகர் அணையில் எத்தனை அடி ஜலம் நிற்கிறதென்று விசாரித்தறியாமல், கீழ்பவானி ஆயக்கட்டில் நாற்று விடத் துணியும் குடியானவர் எவரும் இலர். 1955-ல் கட்டி முடிந்த இவ்வணையின் உயரம் 120 அடியாயினும், அடியிலுள்ள சேற்றுக்கென 15 அடி கழித்து, 105 அடியையே முழு மட்டமாகக் கொள்வது வழக்கம். இம்மட்டத்தை நம்பி 2,07,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. இதனை ஆகாயத்திலிருந்தே அளக்கும் உபாயம் இப்பொழுது ஏற்பட்டுள்ளது.

இதன் தத்துவம் எளிது. கிணற்றில் கயிறு விட்டு, நனையாத பாகத்தின் நீளத்தைக் கொண்டு நீர் எவ்வளவு கீழே உள்ளதென்று அறிகிறோம் அன்றோ? செயற்கைக் கோளுக்கு ராடார் அலையே கயிறு. வினாடிக்கு ஏறக்குறைய 3 லக்ஷம் கிலோமீட்டர் செல்லும் அவ்வலை, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணித்தால் தூரம் தெரியும். கோளின் உயரத்தில் அத்தூரத்தைக் கழிக்க, நீர்மட்டம் கிடைக்கும். இருளும் மேகமும் இதற்குத் தடையாகா.

இவ்வகைக் கருவி தாங்கிய ‘சரல்’ என்னும் கோளை நமது தேசமும் பிரான்ஸும் சேர்ந்து 2013-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பின. 2022 டிசம்பரில் அமெரிக்காவும் பிரான்ஸும் முன்னின்று அனுப்பிய ‘ஸ்வாட்’ என்னும் கோள், நீர்மட்டத்தோடு நீர் பரவியுள்ள விஸ்தீரணத்தையும் அளப்பது. இவ்விரண்டும் கிடைத்தால், நீர்த்தேக்கத்தில் ஏறிய ஜலத்தின் அளவைக் கணக்கிடலாம். பழைய கொள்ளளவுக் கணக்கோடு ஒப்பிட்டு, வண்டல் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது என்பதையும் ஊகிக்கலாம். மட்டம் நிறைந்திருந்தும் பாசனத்துக்கு ஜலம் குறைவதேன் என்ற கேள்விக்கு இதில் விடை கிடைக்கக்கூடும்.

ஆயினும் இதன் எல்லையை மறத்தலாகாது. ‘ஸ்வாட்’ அளப்பதற்கு ஆறு 100 மீட்டர் அகலமேனும் இருத்தல் வேண்டும். நொய்யல் பல இடங்களில் அத்துணை அகலமுடையதன்று. மேலும் அக்கோள் தன் சுற்றை முடித்து அதே வழியில் மீள ஏறக்குறைய 21 நாட்களாகும். வெள்ளமோ ஓரிரவில் வருவது. 2018 ஜூலை 23-ல் மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. அடுத்த மாதத்தில் பவானி, கொடுமுடி முதலிய ஊர்களின் தாழ்ந்த பகுதிகளில் காவிரி ஜலம் புகுந்தது. அத்தகைய வேளையில் கோளின் வருகைக்குக் காத்திருத்தல் இயலாது.

ஆகவே, பருவந்தோறும் ஜலக் கையிருப்பை மதிப்பிடக் கோள் உதவும். அன்றாட எச்சரிக்கைக்குக் கரையிலுள்ள அளவுகோலே கதி. அதன் கோடுகள் அழியாமலும் புதர் மூடாமலும் காத்தல் கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை. மழைக்காலத்தில் அது காட்டும் மட்டத்தைத் தினமும் கேட்டறிந்து, மோட்டாரையும் கால்நடைகளையும் முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றுதல் கரையோரக் குடியானவர்களின் கடமை.