பாம்புக்குப் பதிவு, வளர்ப்பவருக்கு உரிமம்

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும், அச்சுறுத்தப்படும்போது தலையை உள்ளே மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் பந்து மலைப்பாம்பு என்று அழைக்கப்படுவதுமான நஞ்சற்ற சிறு மலைப்பாம்பு, இன்று இந்திய நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்து, அங்கேயே முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் ஆர்வலர்களிடையே விலைக்குக் கைமாறுகின்றன. இதை வனத்துறையின் பார்வைக்குள் கொண்டுவரும் சட்டப் பிரிவு 2023 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஆனால், வீட்டிலுள்ள பாம்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அந்தச் சட்டம், அதை இனப்பெருக்கம் செய்து விற்பவருக்கு அதற்குரிய தகுதி உண்டா என்ற கேள்வியைப் பெரும்பாலான இனங்களைப் பொறுத்தவரை கேட்பதில்லை என்பதே இத்துறையின் அடிப்படைக் குறை.

உள்நாட்டுப் பாம்புகளைப் பொறுத்தவரை சட்டத்தின் நிலை தெளிவானது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில் கொல்வது மட்டுமன்றி உயிருடன் பிடிப்பதும், ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் அடங்கும் என்பதால், பட்டியலில் இடம்பெற்ற நல்ல பாம்பையோ சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். பொழுதுபோக்குக்காக அவற்றை வளர்க்க விரும்புவோருக்கென எந்த உரிமமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த இருளர்கள்கூட, 1978இல் உருவாகி மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கிவரும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, வனத்துறை அனுமதிக்கும் இனங்களை அனுமதிக்கும் எண்ணிக்கையில் பிடித்து, நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடும் நிபந்தனைக்கு உட்பட்டே பணிபுரிகின்றனர். பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு அளிக்கும் இந்த அரும்பணிக்கே இத்தனை கட்டுப்பாடு உண்டு என்பது, பின்னர் வருவனவற்றை மதிப்பிட ஓர் அளவுகோலாகும்.

அயல்நாட்டு இனங்களின் கதை வேறு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1976இல் இந்தியாவும் அதில் இணைந்தது. அவ்வுடன்படிக்கை உயிரினங்களை மூன்று பின்னிணைப்புகளாகப் பிரிக்கிறது. முதலாவதில் உள்ளவை அழிவின் விளிம்பில் நிற்பவை, இரண்டாவதில் உள்ளவை வணிகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் அந்நிலையை எட்டக்கூடியவை, மூன்றாவதில் உள்ளவை ஏதேனும் ஓர் உறுப்பு நாடு பிறநாடுகளின் ஒத்துழைப்பைக் கோரியவை. ஆயினும் நீண்ட காலம் உள்நாட்டு வன உயிரினச் சட்டம் அயலினங்களைப் பற்றிப் பேசாததால், சுங்கச் சட்டமும் இறக்குமதி விதிகளும் மட்டுமே தடுப்பாக நின்றன. விமான நிலைய வாயிலைக் கடந்துவிட்ட பாம்பு சட்டத்தின் கண்ணில் படாத பாம்பாயிற்று. 2020 ஜூன் மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஆறு மாதங்களுக்குள் தாமாக முன்வந்து அறிவிப்போரிடம் ஆவணம் கேட்கப்படாது என்று கூறி ஓர் அறிவுரையை வெளியிட்டது. அது சட்டமன்று, அழைப்பு மட்டுமே.

2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சைட்டிஸ் பட்டியலை நான்காம் அட்டவணையாகத் தாய்ச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் 49எம் பிரிவின்படி, அவ்வட்டவணையிலுள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அதன் விவரத்தை அறிவித்துப் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும். விலங்கைப் பிறருக்குக் கைமாற்றினால் அதையும், குட்டியோ குஞ்சோ பிறந்தால் அதையும், இறந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்டு, பரிவேஷ் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க அவ்வாண்டு ஆகஸ்ட் 28 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. சட்டத்தை மீறுவோருக்கு மூன்று ஆண்டு வரையிலான சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இங்குப் பதிவு என்பதையும் உரிமம் என்பதையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். பதிவு ஒரு விலங்கு இன்னாரிடம் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்துகிறது; உரிமம் ஒருவர் ஒரு செயலைச் செய்யத் தக்கவர் என்று, நிபந்தனைகளோடும் ரத்து செய்யும் அதிகாரத்தோடும், ஒப்புக்கொள்கிறது. திருத்தச் சட்டத்தின் 49என் பிரிவு இனப்பெருக்கத்துக்கு உரிமம் கோருவது முதல் பின்னிணைப்பு இனங்களுக்கு மட்டும்தான். மடகாஸ்கர் தீவின் போவாப் பாம்புகளை இனப்பெருக்கம் செய்பவர் உரிமம் பெற வேண்டும். இரண்டாம் பின்னிணைப்பிலுள்ள பந்து மலைப்பாம்பை எத்தனை ஜோடி வைத்துப் பெருக்கினாலும் பதிவும் அறிவிப்பும் போதும். செல்லப்பிராணிச் சந்தையில் பெருமளவு புழங்குவது இரண்டாவது வகை என்பதால், உரிமப் பிரிவு ஆர்வலர் உலகத்தின் ஓரத்தை மட்டுமே தொடுகிறது.

பட்டியலிலேயே இடம்பெறாத பாம்புகளும் உண்டு. ஆர்வலர்கள் முதன்முதலில் வாங்கும் பாம்புகளில் ஒன்றான வட அமெரிக்கக் கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் ஆகியவை சைட்டிஸ் பின்னிணைப்புகளில் இல்லை என்பதால் 49எம் பிரிவு அவற்றைத் தீண்டுவதில்லை. ஓரினம் அதன் தாயகத்தில் வணிகத்தால் அழியக்கூடுமா என்பதைப் பார்ப்பதே சைட்டிஸின் நோக்கம். அது வேற்று மண்ணில் தப்பிப் பெருகினால் அம்மண்ணின் உயிர்களுக்கு என்ன நேரும் என்பது அதன் கேள்வியன்று. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் காட்டில் நிலைபெற்று, அத்தீவுக்கே உரிய பெரும்பல்லி இனத்தைப் பரவிய இடங்களிலெல்லாம் ஏறத்தாழத் துடைத்தெடுத்துவிட்டதை நோக்கும்போது, பட்டியலில் இல்லாத பாம்பு தீங்கற்ற பாம்பு என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் ஒன்றுண்டு. உலகச் சந்தையில் வண்ண வகைகளாக விற்கப்படும் வலைப்பின்னல் மலைப்பாம்பு நிக்கோபார் தீவுகளில் இயற்கையாக வாழ்வது. ஓரினம் உள்நாட்டுப் பாதுகாப்பு அட்டவணையிலும் நான்காம் அட்டவணையிலும் ஒருசேர இடம்பெற்றால் உள்நாட்டு விதியே மேலோங்கும் என்று 49ஆர் பிரிவு கூறுவதால், அயல்நாட்டுப் பாம்பு என்று நம்பி அதை வாங்குபவர் தம்மையறியாமலே கடும் தண்டனைக்குரிய பிரிவுக்குள் சென்றுவிடுகிறார்.

உரிமத்தின் தேவை, இனப்பெருக்கம் நடக்கும் விதத்தை அருகிருந்து பார்க்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும். பெண் பந்து மலைப்பாம்பு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு காக்கும். வீட்டில் இனப்பெருக்கம் செய்வோர் தாயிடமிருந்து முட்டைகளைப் பிரித்து, ஈரமூட்டிய வெர்மிகுலைட் நிரப்பிய பெட்டியில் வைத்து, 31 அல்லது 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அடைகாக்கின்றனர். கோழி முட்டையைப்போல் பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது. உள்ளே கரு மேற்புறச் சுவரில் ஒட்டியபின் முட்டை தலைகீழானால் கரு இறந்துபோக வாய்ப்புண்டு என்பதால், இட்ட அன்றே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் புள்ளியிட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். தோல்போன்ற ஓட்டின்மீது டார்ச் விளக்கை வைத்துப் பார்த்தால், உயிருள்ள முட்டையில் செந்நிற இரத்த நாளங்கள் கிளைவிட்டிருப்பது தெரியும். முகத்தின் நுனியிலுள்ள சிறு பல்லால் ஓட்டைக் கிழிக்கும் குஞ்சு, தலையை மட்டும் நீட்டியவாறு ஒரு நாள்வரை உள்ளேயே தங்கும். வெளிவந்து முதல் சட்டையை உரித்த பின்னரே இரையைத் தேடும்.

இவற்றை நன்கறிந்து பொறுப்போடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கடத்தல்காரர்களோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. ஆனால் பிளாஸ்டிக் இழுப்பறைகளை அடுக்கிய ரேக் என்னும் சட்டகத்தில், உடலை நீட்டக்கூட இடமின்றிப் பாம்புகளை அடைத்து வைப்பதைத் தடுக்க இன்றைய பதிவு முறையில் வழியில்லை. மார்ஃப் எனப்படும் மரபுவழி நிற வகைகளுக்கே விலை அதிகம் என்பதால் நேரும் தீங்கு இன்னும் கொடியது. ஸ்பைடர் என்ற புகழ்பெற்ற வகையில் அழகிய கோடுகளைத் தரும் அதே மரபணு உட்காதின் அமைப்பையும் சிதைப்பதால், அப்பாம்புகள் தலையை நிலைநிறுத்த இயலாமல் ஆடியும் சில வேளைகளில் தலைகீழாகத் திருகியும் வாழ்கின்றன. நோயென்று தெரிந்தே ஒரு நோயைப் பெருக்கி விற்பதைத் தடுக்கும் நிபந்தனை உரிமத்தில்தான் இடம்பெற முடியும்.

கடத்தலோடு உள்ள தொடர்பையும் புறக்கணிக்க இயலாது. 2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் கண்டெடுக்கப்பட்டன. பாங்காக்கிலிருந்து சென்னை வரும் விமானங்களிலும் பந்து மலைப்பாம்புகள் மீண்டும் மீண்டும் பிடிபட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பப்படுகின்றன. பிடிபடாமல் உள்ளே வந்துவிட்ட குஞ்சை, வீட்டிலேயே பொரித்த குஞ்சு என்று அறிவிப்பது ஒருவருக்கு எளிது. மறுப்பது அதிகாரிக்கு அரிது. பெண் பாம்புகள் எத்தனை, அவை எப்போது முட்டையிட்டன, எத்தனை பொரித்தன என்பதை இடையிடையே நேரில் வந்து சரிபார்க்கும் ஆய்வு இருந்தால்தான் பிறப்பு அறிவிப்புக்குப் பொருளுண்டு.

விற்பனை மற்றொரு சட்டத்தின்கீழ் வருகிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகள், விலங்குகள் விற்கப்படும் எந்த இடத்தையும், இணையவழி விற்பனைத் தளத்தையும்கூடக் கடை என்றே கொள்வதால், வீட்டின் பின்னறையில் குஞ்சுகளை விற்பவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டியவராகிறார். ஆனால் நாய், பூனை, முயல், பறவை ஆகியவற்றுக்கு இட அளவுகளை வகுத்த அவ்விதிகள், பாம்புக்கு எதையும் வகுக்கவில்லை. வனத்துறை பாம்பை அறிந்திருந்தும் விற்பனையைக் கண்காணிப்பதில்லை; வாரியம் விற்பனையைக் கண்காணித்தும் பாம்பை அறிந்திருப்பதில்லை.

இங்கிலாந்து இதை ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2018 அக்டோபர் 1 முதல் அங்கு நடைமுறையிலுள்ள விதிகளின்படி, விலங்குகளைச் செல்லப்பிராணிகளாக விற்கும் தொழிலை நடத்துபவர் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தரம் அளிப்பார். தரத்துக்கேற்ப உரிமம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லும். விற்பனை விளம்பரத்தில் உரிம எண் இடம்பெற வேண்டும். பொழுதுபோக்காக வளர்ப்பவர் மிகையான சில குஞ்சுகளை எப்போதாவது விற்றால் அது தொழிலாகாது என்றும், இலாப நோக்கம், விற்பனையின் அளவு, ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்ற வருமான வரித்துறையின் விலக்கு வரம்பு ஆகியவற்றைக் கொண்டு அதைத் தீர்மானிக்கலாம் என்றும் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஆர்வலரையும் வணிகரையும் பிரிக்கும் இக்கோடு எல்லா இடங்களிலும் ஒரே சீராக வரையப்படுவதில்லை என்ற மனக்குறை அங்கும் இல்லாமலில்லை. எனினும் கோடு ஒன்று இருக்கிறது.

இந்தியாவுக்குத் தேவைப்படுவது தடையன்று. தடை விதித்தால் இன்று பதிவுக்கு வந்திருக்கும் பாம்புகளும் மறைவுக்கே திரும்பும். அட்டவணையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அயலினப் பாம்புகளை இனப்பெருக்கம் செய்து விற்பவர் அனைவருக்கும் குறைந்த கட்டணத்தில் ஓர் உரிமம், அதற்கு முன்னும் பின்னும் ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரின் ஆய்வு, குஞ்சு தானாகப் பலமுறை இரையெடுத்த பின்னரே விற்பனை, உடற்கேட்டைத் தரும் மார்ஃப்களின் இனப்பெருக்கத்துக்கு மறுப்பு ஆகியவற்றை வனத்துறையும் விலங்குகள் நல வாரியமும் சேர்ந்து வகுக்க வேண்டும். அதுவரையில், பந்து மலைப்பாம்பு வாங்க எண்ணுபவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு விற்பவரிடம் பதிவுச் சான்றிதழையும், குஞ்சின் பிறப்பை அறிவித்த ஆவணத்தையும், வாரியத்தின் கடைப் பதிவையும் கேட்டுப் பார்த்து, அவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.