நில அதிர்வும் பழநகரக் கட்டடங்களும்: புஜ் நகரச் சேதம் தமிழகக் கோயில் நகரங்களுக்கு உணர்த்துவன

ஆய்வுச் சுருக்கம்

2001-ஆம் ஆண்டு கட்ச் நில அதிர்வில் புஜ் நகரின் பழங்கட்டடங்கள் சிதைந்த முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டடத்தின் பழமையை விடவும் கட்டுமானப் பொருளை விடவும், அதன் உறுப்புகளுக்கு இடையிலான பிணைப்பே சேதத்தின் அளவைத் தீர்மானித்தது என்பது இதன் கருத்து. அவ்வடிப்படையில் தமிழகக் கோயில் கோபுரங்களின் பாதுகாப்பும் திருப்பணி முறையும் ஆராயப்படுகின்றன.

குறிச்சொற்கள்: நில அதிர்வு, புஜ், கற்சுவர், கோபுரம், தென்காசி, திருப்பணி

முன்னுரை

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் பெயரில் அமைந்த கல்வெட்டுப் பாடல் ஒன்று, இவ்வாலயத்திற்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்தால் அதனை நீக்கிக் காப்பவர்களைத் தாம் பணிவதாகக் கூறுகிறது. கட்டடம் அழியக்கூடியது என்பதையும் அதைக் காப்பது வருங்காலத்தார் கடன் என்பதையும் 15-ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தமைக்கு இப்பாடல் சான்றாகும். அக்கடனை இன்று ஆற்றுவதற்குப் பழங்கட்டடம் எவ்வாறு சிதைகிறது என்னும் அறிவு இன்றியமையாதது. அவ்வறிவை மிகுதியாகத் தரும் அண்மைக்கால நிகழ்வு புஜ் நகரின் அழிவாகும்.

புஜ் நகரும் 2001 நில அதிர்வும்

கட்ச் அரசின் தலைநகராக 16-ஆம் நூற்றாண்டில் உருவான புஜ், மதிலும் குறுந்தெருக்களும் கொண்ட நகரம். 1819 சூன் 16 அன்று நேர்ந்த பெரும் நில அதிர்வு இந்நகரை முன்னரே சிதைத்திருந்தது. அல்லா பந்து எனப்படும் நில மேடு அப்போது உயர்ந்ததே. 1956-இல் அருகிலுள்ள அஞ்சார் நகரமும் பாதிக்கப்பட்டது.

2001 சனவரி 26 காலை 8.46 மணியளவில், பச்சாவு வட்டத்தைச் சார்ந்த சோபாரிக்கு அருகே, 7.7 அளவுடைய நில அதிர்வு ஏற்பட்டது. குசராத்து மாநிலத்தில் 13,800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலத்தில் சென்ற பள்ளிக் குழந்தைகள், தெருவின் இருபுறமும் சரிந்த கட்டடங்களுக்கு இடையே சிக்கி மாண்டனர். புஜ் நகரில் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயினா மகாலின் ஒரு பகுதி இடிந்தது. அரச குடும்பத்தினரின் நினைவு மண்டபங்களுள் பல வீழ்ந்தன. 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பிராக் மகால் கடுமையாகச் சேதமுற்றது.

கற்சுவர் பிளவுறும் முறை

புஜ் நகரின் பழைய வீடுகளில் பெரும்பாலானவை ஒழுங்கற்ற கற்களை மண் சாந்தில் அடுக்கிக் கட்டப்பட்டவை. இத்தகைய தடித்த சுவர் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும் உண்மையில் இரண்டு சுவர்களாகும். உட்புறம் ஓர் அடுக்கும் வெளிப்புறம் ஓர் அடுக்கும் எழுப்பி, இடைவெளியைச் சிறு கற்களாலும் மண்ணாலும் நிரப்புவர். எடையைக் கீழ்நோக்கித் தாங்கும்வரை இவ்வமைப்புக்குக் குறையில்லை. நிலம் பக்கவாட்டில் அசையும்போது இரண்டு அடுக்குகளும் தனித்தனியே அசைகின்றன. இடையிலுள்ள நிரப்பு கீழிறங்கி ஆப்பு போல் அழுத்துகிறது. வெளி அடுக்கு புடைத்துத் தெருவில் விழ, தாங்குதல் இழந்த கூரை உள்ளே விழுகிறது.

சுவர் தடித்திருந்தால் வலிமையும் மிகும் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்துவதில்லை. நில அதிர்வின்போது கட்டடத்தின் மீது செயல்படும் விசை அதன் எடையைப் பொறுத்தது. எடை மிகுந்தால் விசையும் மிகும். பிணைப்பில்லாத தடித்த சுவர் தன் எடையாலேயே தன்னை அழித்துக்கொள்கிறது. இதனைத் தவிர்க்கும் வழி எளியது. சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவி இரு அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கும் நீண்ட கற்களை, உயரத்தில் 60 செ.மீ.க்கு ஒரு வரிசையாகவும் கிடையில் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியிலும் வைக்க வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி கூறுகிறது. நான்கு சுவர்களையும் சுற்றிக் கட்டும் கிடைப்பட்டையும் தேவை.

இக்கருத்தை எதிர்நிலையிலிருந்து உறுதிசெய்பவை கட்ச் பகுதியின் பூங்கா எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள். வலிமை குறைந்த மண்ணால் ஆனவையாயினும், மூலைகளற்ற வட்டச் சுவரும் எடை குறைந்த கூரையும் கொண்டிருந்தமையால் அவற்றுள் பல தாங்கி நின்றன.

பிற்காலச் சேர்க்கைகள்

பழைய ஓட்டுக்கூரையை நீக்கி, அதே மண் சாந்துச் சுவரின்மேல் கான்கிரீட் தளம் அமைப்பது பல ஊர்களில் வழக்கம். மேம்பாடாகத் தோன்றும் இம்மாற்றம், தாங்கும் சுவரை வலுப்படுத்தாமல் தலைப்பாரத்தை மட்டும் கூட்டுகிறது. 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலம் கில்லாரியில் 6.2 அளவுடைய நில அதிர்வு பேரழிவை விளைவித்ததற்கும், கற்சுவர் வீடுகளின் மேலிருந்த தடித்த மண் கூரை முக்கியக் காரணமாயிற்று.

தமிழகத்தின் நிலை

கில்லாரி அப்போது நில அதிர்வு வாய்ப்பு மிகக் குறைந்த 1-ஆம் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2002-இல் திருத்தப்பட்ட வரைபடத்தில் அம்மண்டலமே நீக்கப்பட்டது. சென்னை 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-ஆம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவிலும், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏறத்தாழ 5.5 அளவிலும் அதிர்வுகள் நேர்ந்துள்ளன. கட்ச் போன்ற பேரதிர்வை இங்கு எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆயினும் பிணைப்புக் குன்றிய கட்டடம் சிதைய மிதமான அதிர்வே போதும்.

தமிழகக் கோபுரம் பெரும்பாலும் கல்லால் ஆன அடித்தளமும், அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு உயர்ந்த நிலைகளும் உடையது. இரு பொருள்கள் சந்திக்கும் மட்டம், வாயில் திறப்பின் மேற்பகுதி, உள்ளிருக்கும் மர உத்திரங்கள், உச்சியிலுள்ள கலசங்களும் சுதைச் சிற்பங்களும் ஆகியவை கவனத்திற்குரிய இடங்கள். உத்திரம் உளுத்தால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான பிணைப்புக் குறைகிறது. விரிசல் வழியே மழைநீர் இறங்கினால் சாந்து வலுவிழக்கிறது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருக்காளத்தி இராசகோபுரம், விரிசல் விரிந்து 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. அதற்கு நில அதிர்வுகூடத் தேவைப்படவில்லை. தென்காசிக் கோபுரமும் நெடுங்காலம் சிதைந்து நின்று, மீண்டும் எழுப்பப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

• புஜ் நகரக் கட்டடங்களின் அழிவுக்குப் பிணைப்பின்மையும் மிகையான எடையுமே முதன்மைக் காரணங்கள்.

• திருப்பணியின்போது புதிய எடையைச் சேர்ப்பதற்கு முன் அடிச்சுவரின் வலிமை ஆராயப்பட வேண்டும். வண்ணப்பூச்சும் சிமெண்டுப் பூச்சும் விரிசலை மறைக்குமேயன்றிப் பிணைக்கா.

• ஒவ்வொரு கோபுரத்தின் அளவுகள், விரிசல்கள், சாய்வு, உத்திரங்களின் நிலை ஆகியவை குறிப்பிட்ட கால இடைவெளியில் பதிவு செய்யப்பட வேண்டும். வீழ்ந்தபின் மீட்டெடுப்பதற்கும் அப்பதிவே அடிப்படை.

• கோயில் சுவர்கள் கல்வெட்டு ஆவணங்களாகவும் விளங்குவதால், அவற்றின் கட்டுமான நிலையை ஆராய்வதில் பொறியாளருடன் கல்வெட்டறிஞரும் தமிழாய்வாளரும் இணைய வேண்டும்.

பராக்கிரம பாண்டியனின் பாடல் குறையை நீக்கிக் காப்போரைப் போற்றுகிறது. குறை எங்குத் தோன்றும் என்பதை முன்னறியும் வாய்ப்பு நம் காலத்திற்கு வாய்த்துள்ளது. அதனைப் பயன்கொள்வதே அப்பாடல் சுட்டும் கடனை நிறைவேற்றும் வழியாகும்.