எஞ்சின் தடுமாறுவது ஏன்?

மோட்டார் வண்டியின் எஞ்சின் சீராக ஓடுங்கால் அதன் ஒலியை நாம் கவனிப்பதில்லை. அவ்வொலியிடையே ஒரு விக்கல் தோன்றும்போதுதான் நம் செவி அதன்பால் திரும்புகிறது. வண்டி ஒரு கணம் தயங்குகிறது, குலுங்குகிறது, மீண்டும் ஓடுகிறது. இதனைப் பட்டறைத் தொழிலாளர் ‘மிஸ்ஸிங்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். எரிய வேண்டிய ஒரு வேளையில் எஞ்சின் எரியாமல் விட்டுவிட்டது என்பதே அதன் பொருள். அவ்வாறு விட்டது எதனால் என்று கண்டுபிடிக்கும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். மாணவர்களாகிய நீங்கள் அனைவரும் மோட்டார்த் தொழிலை மேற்கொள்ளப் போவதில்லை. ஆயினும் இத்தொழிலில் வழங்கும் ஆராய்ச்சி முறை எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது.

முதலில், எஞ்சினின் வேலையைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். சாதாரணப் பெட்ரோல் கார் ஒன்றில் நான்கு உருளைகள் உண்டு என வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உருளையிலும் நான்கு செயல்கள் முறையாக நிகழ்கின்றன. காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன; அக்கலவை அழுத்தப்படுகிறது; அது எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது; எரிந்த புகை வெளியேறுகிறது. இந்நான்கும் நிறைவேறுவதற்குள் சுழல்தண்டு இருமுறை சுற்றிவிடும். ஆகவே, நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஓர் உருளை நிமிடத்திற்கு 1500 முறை, அதாவது விநாடிக்கு 25 முறை எரிகிறது. நான்கு உருளைகளும் சேர்ந்து விநாடிக்கு 100 முறை எரிகின்றன. ஒவ்வொரு முறையும் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். காற்றும் பெட்ரோலும் தக்க அளவில் கலந்திருக்க வேண்டும். கலவை நன்கு அழுத்தப்பட வேண்டும். உரிய கணத்தில் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி எழ வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த முறை வீணாகும்.

இனி, டர்போ என்பது யாது எனக் காண்போம். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்கு வேகமும் வெப்பமும் மிகுதி. அதனை ஒரு சிறு சக்கரத்தின்மீது பாயச் செய்தால் அச்சக்கரம் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் மற்றொரு சக்கரம் இருந்தால், அது வெளிக்காற்றை இறுக்கி உருளைகளுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம்; எஞ்சினின் ஆற்றல் பெருகும். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைத் தொழிலாளர் ‘பூஸ்ட்’ என்பர். அதனைப் ‘பார்’ என்னும் அலகால் அளப்பர். ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தமே.

தயாரிப்பாளர் ஒரு வண்டிக்கு இவ்வளவு பூஸ்ட் போதும் என்று வரையறுத்திருப்பார். எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, அவ்வரையறையை உயர்த்திக்கொள்ளும் வழக்கம் பந்தய ஆர்வலரிடையே உண்டு. சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் இப்போது சொல்லப்போகும் வண்டி பந்தயத் தடத்தில் மட்டும் ஓடுவது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கிறார். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்தில் ஓடும் கார்கள் சில அவரிடம் பழுதுபார்க்க வரும். பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் தம் காரை அவரிடம் கொணர்ந்தார். அவ்வண்டியின் பூஸ்ட் 0.6 பாரிலிருந்து 1.1 பாருக்கு உயர்த்தப்பட்டிருந்தது. அதன்பின் மிஸ்ஸிங் தோன்றியது. இளைஞர் நண்பர்கள் கூறியவாறு ஒரு காயிலை மாற்றினார். பெட்ரோல் பம்பை மாற்றினார். கடன் வாங்கிச் செய்த செலவு. நோயோ நீங்கவில்லை. நான் அங்கே சென்றிருந்த நாளில், “இனி டர்போவையே மாற்றிவிடலாமா அண்ணா?” என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மாணவர் கருவி எதனையும் கையில் எடுக்கவில்லை. ஒரு தாளை எடுத்தார். “எப்போது தடுமாறுகிறது, எப்போது தடுமாறவில்லை, இரண்டையும் சொல்லுங்கள் தம்பி” என்றார். இக்கேள்வியின் இரண்டாம் பாதியே உயிரானது. நோய் தோன்றும் இடத்தையும் தோன்றாத இடத்தையும் அருகருகே வைத்தால்தான், இரண்டிற்கும் உள்ள வேற்றுமை புலப்படும். ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1843-இல் வெளியிட்ட தருக்கநூலில், காரணம் காணும் முறைகளுள் ஒன்றாக இதனை வகுத்துரைத்தார்.

கிடைத்த விடைகள் இவை. நின்ற நிலையில் எஞ்சின் சீராக ஓடியது. பெடலை மெல்ல மிதித்தால் 5000 சுற்றிலும் தடுமாற்றம் இல்லை. மூன்றாம் கியரில் பெடலை முழுதும் மிதித்தால் 3500 சுற்றிலேயே தடுமாறியது. ஆகவே குற்றம் வேகத்தைச் சார்ந்ததன்று, சுமையைச் சார்ந்தது. உருளையின் அழுத்தம் குன்றியிருந்தால் நின்ற நிலையிலேயே பெரும்பாலும் தெரிந்திருக்கும். கேட்டு எழுதிய அளவிலேயே ஒரு நிபந்தனை ஏறத்தாழ ஐயத்தினின்று நீங்கிவிட்டது.

அடுத்து ஸ்கேனர் கருவியைப் பொருத்தினார். எஞ்சினின் கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கை அறியும் விதம் வியப்பூட்டுவது. சுழல்தண்டோடு பல்சக்கரம் ஒன்று சுற்றுகிறது. அதன் பற்கள் கடந்து செல்வதை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. உருளை ஒவ்வொன்றும் எரியும்போது தண்டு சிறிது விரைவு பெறும். எரியாத உருளையின் முறை வரும்போது அவ்விரைவு குறையும். அதனைக் கொண்டு எந்த உருளை எரியவில்லை என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கிறது. பி 0301 என்றால் முதல் உருளை. பி 0302 என்றால் இரண்டாவது. இவ்வண்டியில் தோன்றியது பி 0300. பல உருளைகளும் மாறி மாறித் தவறுகின்றன என்பது அதன் பொருள்.

ஓர் உருளை மட்டும் தவறியிருந்தால் வழி வேறு. அதன் காயிலை அடுத்த உருளைக்கு மாற்றி வைத்துப் பார்க்கலாம். குற்றம் காயிலோடு இடம்பெயர்ந்தால் காயிலே குற்றவாளி. இடம்பெயராவிட்டால் பிளக்கையும் பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டரையும் அவ்வாறே தனித்தனியே சோதிக்கலாம். இதற்குக் காசு செலவில்லை. நான்கு உருளைகளும் தவறும்போதோ நான்கிற்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். ஒரு காயிலை மட்டும் மாற்றியது பயன்படாமை இதனால் விளங்கும்.

பின்னர், தடத்தில் பூஸ்டைப் பழைய 0.6 பாருக்கே இறக்கி ஓட்டினார்கள். தடுமாற்றம் மறைந்தது. பூஸ்ட் மிகும்போது கெடக்கூடியவை மூன்று: குழாய்களில் காற்றுக் கசிவு, பெட்ரோல் பற்றாக்குறை, தீப்பொறியின் வலிமைக்குறைவு. குழாய்களை அடைத்து, காற்றழுத்தி, சோப்பு நீர் தடவிப் பார்த்ததில் குமிழி எழவில்லை.

பெட்ரோலைப் பற்றி இளைஞர் உறுதியாக இருந்தார். புகையை ஆராயும் சென்சார், தடுமாறும் வேளையில் பெட்ரோல் குறைவு என்றே காட்டியது. பம்பை அவர் மாற்றியதும் அதனாலேயே. இங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் எஞ்சியுள்ள ஆக்ஸிஜனை அளக்கிறது. உருளை எரியாவிட்டால் அதிலுள்ள ஆக்ஸிஜன் முழுதும் செலவாகாமல் வெளியே வரும். அதனைக் கண்ட சென்சார், “காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு” என்று சொல்லும். எரியாமையின் விளைவையே நாம் எரியாமைக்குக் காரணமாகக் கருதிவிடுவோம். அதை நம்பி மேலும் பெட்ரோலைச் சேர்த்தால், எரியாத பெட்ரோலே மிகும். ஒரு கருவி காட்டும் எண்ணைப் படிக்குமுன், அக்கருவி உண்மையில் எதனை அளக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என் மாணவர் பெட்ரோல் குழாயிலேயே அழுத்தமானியைப் பொருத்தினார். பூஸ்ட் இல்லாதபோது 3 பார், பூஸ்ட் 1.1 ஆனபோது 4.1 பார். பூஸ்ட் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவே இதுவும் உயர்ந்தது. பெட்ரோலில் குறைவில்லை.

எஞ்சியது தீப்பொறி. ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் ஒரு விதி கண்டார். இரு முனைகளுக்கிடையே பொறி பாய வேண்டிய மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் முனைகளின் இடைவெளியையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்பது அவ்விதி. எஞ்சினில் உள்ள நிலையில், அத்தொகை மிகுந்தால் வேண்டிய மின்னழுத்தமும் மிகும். நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய பூஸ்டில், வளிமண்டலத்தையும் கூட்டி, உள்ளே வரும் காற்றின் அழுத்தம் 1.6 பார். பிளக்கின் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். பெருக்கினால் 1.76. புதிய பூஸ்டில் அழுத்தம் 2.1 பார், இடைவெளி அதே 1.1. பெருக்கினால் 2.31. ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு மிகுதி. காயிலோ பழைய அளவுக்குச் செய்யப்பட்டது. இடைவெளியை 0.8 ஆகக் குறைத்தால் 2.1-ஐ 0.8-ஆல் பெருக்க வருவது 1.68. பழைய எண்ணுக்கு அணுக்கமாக வந்துவிட்டோம் அல்லவா? இது தோராயக் கணக்கே. ஆயினும் வழிகாட்டப் போதுமானது.

ஃபீலர் கேஜ் கொண்டு அளந்து, 0.8 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பிளக்குகளைப் பொருத்தினார்கள். முழு பூஸ்டிலும் வண்டி சீராக ஓடியது. இளைஞர் மகிழ்ந்தார்; என் மாணவர் அத்துடன் நிற்கவில்லை. பழைய பிளக்குகளையே மீண்டும் பொருத்தி ஒருமுறை ஓட்டச் செய்தார். தடுமாற்றம் திரும்பி வந்தது. மறுபடி புதியவற்றைப் பொருத்த, அது நீங்கியது. “இப்போதுதான் ஐயா தெரிந்தது, முன்னது நம்பிக்கை” என்று என்னிடம் சொன்னார். அந்த இளைஞருக்கு இதற்காக ஆன செலவு நான்கு பிளக்குகளின் விலையும் பட்டறைக் கூலியுமே.

இடைவெளி குறையக் குறைய நன்மை என்று கொள்ளலாகாது. மிகக் குறைந்தால் பொறி சிறிதாகி, மெதுவாக ஓடும்போது கலவையைக் கொளுத்த மாட்டாமல் போகும். வேண்டிய அளவே குறைக்க வேண்டும்.

மிஸ்ஸிங்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதும் தீது. எரியாத பெட்ரோலும் ஆக்ஸிஜனும் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் சேர்ந்து எரியும். அவ்வெப்பத்தால் அதன் பீங்கான் உள்ளீடு உருகிப் புகைவழியையே அடைத்துவிடும். உருளைச் சுவரில் படிந்த எண்ணெயையும் பெட்ரோல் கழுவிவிடும். எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தால் வேகத்தைக் குறைத்து, விரைவில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் ‘குறையறி சோதனை’ என்று ஒன்றைக் கற்பித்தார்கள். கணக்கில் தவறும் மாணவனுக்குப் பாடம் முழுவதையும் மீண்டும் நடத்துவது பயனற்றது. எந்தப் படியில் தவறுகிறான் என்று காண்பதற்கே அச்சோதனை. பட்டறையில் நான் கண்டதும் அதுவே. பல பொருள்களை ஒருங்கே மாற்றினால் சில வேளை குற்றம் நீங்கும். ஆனால் எது நீக்கியது என்று தெரியாது. மறுமுறை வந்தால் மீண்டும் அனைத்தையும் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுபவன், ஒவ்வொரு சோதனையிலும், அது தோற்றாலும், ஏதோ ஒன்றை அறிந்துகொள்கிறான்.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் கணக்கின் விடை தவறாக வந்தால், தாளைக் கிழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து எழுதாதீர்கள். எதுவரை சரி, எங்கிருந்து தவறு என்று வரிவரியாகப் பாருங்கள். அந்த ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். பிறகு விடையைச் சரிபாருங்கள்.