199 ரூபாய்க்கு நிம்மதி கிடைக்குமா?

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுல ஒரு கடை. பாக்கெட் மணியைச் சேர்த்துவெச்சு 1,200 ரூபாய்க்கு ஒரு புளூடூத் இயர்போன் எடுக்கறீங்க. பில் போடற நேரத்துல ஒரு குரல்... 'ஏனுங்க தம்பி, இன்னும் 199 ரூபா போட்டீங்கன்னா எக்ஸ்ட்ரா ஒரு வருஷம் வாரன்ட்டிங்க. டென்ஷனே இல்லீங்க!'

இவ்வளவு மரியாதையா கேட்டா, மறுக்க யாருக்கு மனசு வரும்? கொஞ்சம் பொறுங்க பாஸ், கணக்குப் போட்டுடுவோம்!

ஆறு பேர் கணக்கு

உங்க ஹாஸ்டல் ரூம்ல ஆறு பேர். ஆறு பேரும் அதே இயர்போன், அதே 199. மொத்தம் 1,194 ரூபாய். கிட்டத்தட்ட ஒரு புது இயர்போன் விலை! அதாவது, அந்த எக்ஸ்ட்ரா வருஷத்துல ஆறு பேர்ல ஒருத்தருக்காவது அது ரிப்பேராகி, அதையும் கம்பெனி ஏத்துக்கிட்டு மாத்திக் கொடுத்தாத்தான் போட்ட காசு திரும்பும்.

அதுக்கு வாய்ப்பு இருக்கா? இன்ஜினீயரிங் பசங்களுக்கு 'பாத்டப் கர்வ்' தெரிஞ்சிருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் பொருள் பெரும்பாலும் ரெண்டு நேரத்துல காலை வாரும். ஒண்ணு, வாங்கின புதுசுல. இன்னொண்ணு, தேய்ஞ்சு வயசான பிறகு. புதுசுல வர்ற கோளாறுக்குக் கம்பெனி வாரன்ட்டியே இருக்கு. நடுவுல அது சமர்த்தா ஓடற காலத்துக்குத்தான் நீங்க காசு கட்டறீங்க!

பொடி எழுத்தைப் படிங்க

கீழே விழுந்தது, மழையில நனைஞ்சது, டவுன் பஸ்ல தொலைஞ்சது... நம்மாளுங்க இயர்போன் பெரும்பாலும் இப்படித்தான் போய்ச் சேரும். சாதாரண எக்ஸ்டெண்டட் வாரன்ட்டியில இதெல்லாம் வராது. பேட்டரி வீக் ஆனாலும் பல திட்டங்கள் கைவிரிச்சிடும்.

மிக்ஸி, டேபிள் ஃபேன்னா இன்னும் கவலை வேணாம். பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊருங்க இது. காயில் கட்டிக் கொடுக்கற கடைக்கா பஞ்சம்?

அப்போ யாருக்குத்தான் தேவை?

லேப்டாப் வாங்கறீங்களா? மதர்போர்டு போனா ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல புரட்ட முடியாதுன்னா, யோசிக்கலாம். ஆனா, திட்டம் கம்பெனியோடதா, வேற ஆளோடதா? சர்வீஸ் சென்டர் கோவையில இருக்கா? ரெண்டையும் கேளுங்க. பல கம்பெனிகள்ல, முதல் வாரன்ட்டி முடியறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாம். அவசரமே வேணாம்!

காசில்லாத வாரன்ட்டி

* பில்லை வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க. தெர்மல் பேப்பர்ல எழுத்து சீக்கிரம் மறைஞ்சிடும்.
* வாரன்ட்டி இருந்தும் இழுத்தடிச்சா, 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் இது.
* அதுக்கும் மசியலைன்னா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டப்படி, நீங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம். ஆன்லைன்ல வாங்கியிருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. ஆனா, பிரச்னை வந்த ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

சின்னச் சின்ன பொருளுக்கெல்லாம் கட்டறதா இருந்த அந்த 199-களை ஒரு உண்டியல்ல போட்டு வெச்சுப் பாருங்க. எது ரிப்பேரானாலும் அதுல இருந்து எடுத்துக்கலாம். எதுவும் ஆகலைன்னா..? அன்னபூர்ணாவுல ஆறு பேருக்கும் ட்ரீட்!