ஆட்டிசமுடைய குழந்தையும் இரண்டாம் மொழியும்

ஓசூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் பயிலும் குழந்தைகள் பலர். அத்தகைய வீட்டில், பிறருடன் உரையாடுதலும் குறிப்பறிதலும் கடினமாக அமையும் ஆட்டிசம் என்னும் நிலையுடைய குழந்தை பேசத் தாமதித்தால், ‘ஒரே மொழியில் பேசுங்கள்’ என்று பெற்றோருக்கு அறிவுரை கூறப்படுவதுண்டு. அவர்களும் வீட்டுமொழியைக் கைவிடுகின்றனர். பாட்டி அறிந்ததோ அம்மொழி ஒன்றே. பேரனோடு அவர் பேச்சு அற்றுப்போகிறது. இது வேண்டாத இழப்பாகும். கனடாவில் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வுகளில், இருமொழி கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகள், ஒருமொழி மட்டும் கேட்டு வளர்ந்த அத்தகைய குழந்தைகளைவிடப் பேச்சில் பின்தங்கியிருக்கவில்லை.

புதிய மொழியில் இவர்களுள் பலருக்கு இடர் தருபவை ஜாடைப் பேச்சும் கேலியுமே. ‘தலைக்கு மேல் வேலை’ என்றால் அண்ணாந்து பார்க்கும் குழந்தையும் உண்டு. ஆகவே, குறுகிய நேர்வாக்கியத்தில் வினவி, விடைக்குச் சற்றுக் காத்திருத்தல் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைப் பள்ளி ஆசிரியரிடமும் எடுத்துரைக்கலாம். பாட்டி தெலுங்கிலேயே கதை சொல்லட்டும்.