சும்மா இருந்த பாட்டி!

எங்கள் பக்கத்தில் எல்லாத் தொழிலுக்கும் ஒரு 'டல் சீசன்' உண்டு. நாமக்கல் முட்டைக்குப் புரட்டாசி மாதம். பெருமாளுக்கு விரதம் என்று ஊரே ஆம்லெட்டை மறந்துவிடும். முட்டை விலை சுருண்டு படுத்துக்கொள்ளும். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்கு ஆர்டர் வராத மாதம். சேலத்து ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளிக்கிழங்கு வராத மாதம்.

எனக்கும் உண்டு. நான் முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறவன். ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிடும்போது போய், கிராமத்துக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டுவது, தீப்பட்டால் என்ன செய்வது என்று மூன்று நாள் சொல்லிக் கொடுப்பேன். ஒரு பயிற்சி முடிந்து அடுத்தது வருவதற்குள் சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகிவிடும். அந்த இரண்டு மாதமும் நான் திண்ணைக்குச் சொந்தம்.

என் தொழில் சாமான்கள் ஒரு ஜோல்னாப் பைக்குள் அடக்கம். முக்கோணத் துணிகள், மூங்கில் பத்தை, பஞ்சு, ஒரு ரப்பர் பாம்பு. பாம்பைக் கண்டால் என் மனைவிக்கு ஆகாது. "டல் சீசன்ல அதுவும் உங்களாட்டமே சுருண்டு கெடக்குது" என்பாள்.

அப்படி ஒரு டல் சீசனில்தான் எதிர்வீட்டு அம்மிணி வந்து கேட்டது.

"ஏனுங்கண்ணா, கடலைக்காட்டுல களை எடுக்கறமுங்க. பாம்பு நடமாட்டம் சாஸ்தி. கடிச்சுப்போட்டா என்ன பண்றதுன்னு ஒரு நாளைக்கு எங்க ஆளுகளுக்குச் சொல்லிக் குடுங்களேன்."

"அதுக்கென்ன தங்கச்சி, சொல்லிட்டாப் போச்சு. அடுத்த பயிற்சி நம்ம ஊர்லயே போடச் சொல்றேன். சார்ட்டெல்லாம் வெச்சு முறையா சொல்றேன்" என்றேன். பெரிய மனுஷத் தோரணையோடுதான் சொன்னேன்.

பத்தாம் நாள் அந்த அம்மிணியின் மகனைக் கடலைக்காட்டில் பாம்பு கடித்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிற பையன். வலது கையில் கடி. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் தேங்காய் நார்க் கயிற்றை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டி, விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பையன் பிழைத்துக்கொண்டான். விஷம் அதிகம் ஏறவில்லையாம். பாம்பு செய்ததைவிடக் கயிறு செய்ததுதான் அதிகம் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகியும் அவனால் விரல்களை மடக்க முடியவில்லை. இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தான்.

பார்க்கப் போன என்னை அம்மிணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காபி கொடுத்துவிட்டு, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கயிறு கட்டியிருக்க மாட்டமுங்கண்ணா" என்று மட்டும் சொன்னது.

அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

*

வீட்டுக்கு வந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நண்பரான ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் போட்டார். "சும்மாதானே கெடக்கறீங்க, படிங்க. நம்ம கொல்லிமலைக் கதை."

டோரத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1976-ல் எழுதியது. 'கிரானி பிராண்ட்', அதாவது பிராண்ட் பாட்டியின் கதை. நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தூங்கலாம் என்றுதான் எடுத்தேன். தூக்கம் போய்விட்டது.

எவலின் ஹாரிஸ் 1879-ல் பிறந்தவர். லண்டனில் வசதியான வீட்டுப் பெண். ஓவியம் படித்தவர். நல்ல உடுப்பு, நல்ல தொப்பி என்று வளர்ந்தவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மிஷனரியாக மெட்ராஸ் வந்து சேர்ந்தார். ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்கான குறுகிய மருத்துவப் பயிற்சி எடுத்துக்கொண்டு அவருக்கு முன்பே இங்கே வந்திருந்தார். 1913-ல் நம் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு கொல்லிமலை ஏறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. புதுப்பெண் சொட்டச் சொட்ட நனைந்துதான் புகுந்த வீட்டுக்குள் நுழைந்தார். அந்த வீடும் ஜெஸ்ஸி தன் கையாலேயே மரத்தில் கட்டியது. சாமான்களை எல்லாம் கீழேயிருந்து ஆள் தலையில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோயிருந்தார்.

இப்போது மாதிரி அன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதை. மலையில் மலேரியா. கூடவே நரம்புச் சிலந்தி.

நரம்புச் சிலந்தி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். 2000-ல் நாடு இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தண்ணீரில் இருக்கிற கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சியோடு உடம்புக்குள் போகிற புழு, ஒரு வருஷம் கழித்து இரண்டு மூன்றடி நீளத்துக்குக் காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் தினம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். புண்ணுள்ள காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற எல்லாருக்கும் வரும். தண்ணீரைத் துணியில் வடிகட்டினாலே போதும், வராது. இத்தனை எளிதான விஷயத்தை ஊர் ஊராகப் போய் யாராவது சொல்ல வேண்டுமே! சொல்லிக்கொண்டு போனவர்களில் இந்தத் தம்பதியும் உண்டு. அதோடு பல் பிடுங்கினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள்.

1914-ல் பால் பிறந்தான். அடுத்து ஒரு மகள். 1923-ல் பிள்ளைகளைப் படிப்புக்காக இங்கிலாந்தில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் மலைக்குத் திரும்பினார்கள். அப்பா மகனுக்குக் கடிதம் எழுதியபடி இருந்தார். மரம், பறவை, பூச்சி என்று மலையையே காகிதத்தில் மடித்து அனுப்பினார். 1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி சீக்கிரம் போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் அல்லவா போகும்? அப்பா செத்துப்போன சேதி தெரிந்த பிறகும் அப்பாவின் கடிதம் பையன் கைக்கு வந்தது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

*

என்னை உலுக்கியது இதற்கு அப்புறம் வருகிறதுதான்.

புருஷனை இழந்த அந்த அம்மாளை மிஷன் மறுபடியும் மலைக்கு அனுப்பவில்லை. சமவெளியில் வேலை கொடுத்தது. மேலேயே பார்த்துக்கொண்டு கீழேயே வருஷக்கணக்காக இருந்தார். ஆனால் லீவு கிடைத்தால்? மற்றவர்கள் இளைப்பாறப் போகிற நாட்களில் இந்த அம்மாள் மூட்டை முடிச்சோடு கொல்லிமலையில் போய் முகாம் போடுவார். அவருடைய டல் சீசன் அது!

1940-களின் கடைசி. வயது எழுபதை நெருங்குகிறது. 'போதும், ஓய்வெடுங்கள்' என்றது மிஷன். 'ஒரே ஒரு வருஷம் கொடுங்கள்' என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு மலையேறினார். வருஷம் முடிந்தது. அழைத்துப் போக வந்தார்கள். பாட்டி ஒரு குண்டு போட்டார். 'வேலையிலிருந்துதானே ஓய்வு? சரி, வாங்கிக்கொண்டேன். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்' என்கிற அர்த்தத்தில்!

எப்படி மடக்குவது? பதவி இல்லை, பறிக்க முடியாது. உத்தரவு போட ஆபீசர் இல்லை. சட்டப்படி பாட்டி இப்போது சும்மா இருக்கிறவர்.

அந்தச் 'சும்மா' கால் நூற்றாண்டு நீடித்தது. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். கொல்லிமலை போதாதென்று பச்சைமலை, கல்வராயன் மலை என்று அடுத்தடுத்த மலைகளுக்கும் போனார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு இரண்டு கையிலும் மூங்கில் தடி ஊன்றி நடந்தார். மகனே வந்து, 'கீழே வந்துவிடுங்கள் அம்மா' என்று சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. கடைசிக் காலத்தில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லையாம். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில்தான் பாட்டிக்கு நிஜமான ஓய்வு.

மகன் யார் தெரியுமோ? வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட்! அவரும் முதலில் கட்டட வேலைதான் பழகினார். தொழுநோயாளிக்கு விரல் தானாக உதிர்வதில்லை. வலி தெரியாததால் சூட்டையும் காயத்தையும் கவனிக்காமல் விட்டுத்தான் விரலை இழக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னவர் அவர்.

விரல் என்றதும் எனக்கு எதிர்வீட்டுப் பையன் ஞாபகம் வந்துவிட்டது.

*

மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன். காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். இருபது வரை எண்ணினேன். அப்புறம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டேன். சோளக்காட்டில் பலாச்சுளை வாசனை வந்து எழுப்பியது.

வாழவந்தி நாட்டுக்கு வழி கேட்டேன். தலையில் அன்னாசிக் கூடையோடு வந்த பெரியம்மா, "சமாதிங்களா? இப்படியே போங்க சாமி" என்று கை காட்டிவிட்டு, "பாத்துப் போங்க, பாசி வழுக்கும்" என்று அக்கறையாகச் சொன்னது.

புருஷன் பக்கத்திலேயே மனைவி. 1929-க்கும் 1974-க்கும் நடுவே நாற்பத்தைந்து வருஷம். நான் சாமி கும்பிடுகிற முறை வேறு. அந்தப் பாட்டி கும்பிட்ட முறை வேறு. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. என் 'அடுத்த பயிற்சி வரட்டும்' என்கிற வாக்கியத்தை மட்டும் அங்கே விட்டுவிட்டு வரலாமா என்று தோன்றியது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் கூட்டம். பேனர் இல்லை, சர்ட்டிபிகேட் இல்லை, பன்னும் டீயும் இல்லை. வந்தவர்கள் பதினொரு பேர். பையிலிருந்து ரப்பர் பாம்பை எடுத்துப் போட்டதும் இரண்டு பேர் தெருவுக்கு ஓடிப் போய்த் திரும்பி வந்தார்கள்.

சொல்ல வேண்டியது கால் மணி நேரத்துக்குத்தான் இருந்தது. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், ஓட விடாதீர்கள். மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றுங்கள், கை வீங்கும். எலும்பு முறிந்தால் கட்டுவது போல் பத்தை வைத்து அசையாமல் லேசாகக் கட்டுங்கள். கயிறு போட்டு இறுக்காதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். பாம்பை அடித்து எடுத்துவர ஆள் அனுப்பாதீர்கள். 108-க்குப் போன் போட்டு, விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு பெரியவர் கேட்டார்: "அப்ப மந்திரிக்கறதுங்?"

"மந்திரிக்கறவரையும் வண்டியில ஏத்திக்கங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் மந்திரிக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. பெரியவரும் சிரித்தார்.

பத்தை கட்டிக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. எதிர்வீட்டுப் பையன் தானாகவே எழுந்து வந்தான். வலது கையை நீட்டினான். கட்டினேன், அவிழ்த்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி விரல்களுக்குத் தினம் பயிற்சி செய்கிறானாம். போகும்போது ரப்பர் பாம்பைத் தூக்கி, "இதை நான் எடுத்து வைக்கட்டுங்களா?" என்றான். அதன் கழுத்தைப் பிடித்திருந்தான். மூன்று விரல் நன்றாக மடங்கியிருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் கொஞ்சம் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போது பக்கத்து ஊர் வரை போய்விட்டது. போன வாரம் தொண்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் மூன்று நாள் பயிற்சியாம்.

"டல் சீசன் முடிஞ்சுது போலிருக்குதே?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வரமுடியாதுன்னு எழுதிப் போட்டுட்டேன்" என்றேன்.