வீட்டுக் காப்பி அரவை இயந்திரம்: பயன்பாடும் பராமரிப்பும்

வீட்டில் பயன்படுத்தும் மின்சாதனம் ஒன்றைப் பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், படிவம் ஐந்து மாணவர்களில் பெரும்பாலோர் குளிர்சாதனப் பெட்டியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ‘உணவு கெடாமல் இருக்கும், தண்ணீர் சில்லென்று இருக்கும்’ என்று இரண்டு பத்தி ஓடும். பிறகு பேனா நின்றுவிடும். அந்தப் பெட்டியைத் திறந்து மூடுவதோடு சரி, அது எப்படி வேலை செய்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை. கையால் தொட்டு, இயக்கி, துடைத்து, ஒருமுறையாவது கெடுத்துப் பார்த்த சாதனம் என்றால் கருத்துக்குப் பஞ்சமே வராது. என் வீட்டில் அப்படி ஒன்று உண்டு. காப்பிக் கொட்டை அரைக்கும் சிறிய மின் இயந்திரம்.

கடையில் தூளாகவே கிடைக்கும்போது வீட்டில் ஏன் அரைக்க வேண்டும்? வறுத்த கொட்டைக்குள் மணம் தரும் எண்ணெயும் வாயுக்களும் அடைபட்டிருக்கின்றன. கொட்டை முழுதாக இருக்கும்வரை அவை மெல்ல மெல்லத்தான் வெளியேறும். தூளாக்கிவிட்டால் காற்றுப் படும் பரப்பு பல மடங்காகிறது. மணம் சீக்கிரம் பறந்துவிடும், எண்ணெயும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை பிடிக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் தூள் கட்டி தட்டவும் செய்யும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதுதான் இந்த இயந்திரத்தின் பயன். ஒரு வாரத்துக்குச் சேர்த்து அரைத்து வைப்பவர் கடைத்தூளையே வாங்கிவிடலாம், வீண் வேலை மிச்சம்.

இதில் இரண்டு வகை உண்டு. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “டீச்சர், ரெண்டும் ஒன்னுதானே, அரைக்குதுதானே?” என்று கேட்டாள். இல்லை. முதல் வகையில் கிண்ணத்தின் அடியில் ஒரு பிளேடு சுழல்கிறது. அது கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. இரண்டாம் வகையில் பல் வெட்டிய இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று சுழலும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியே கொட்டை நொறுங்கி இறங்கும். நம் பாட்டிமார் உளுந்து உடைத்த திருகையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலைதான். கடைகளில் இதனை ‘பர் கிரைண்டர்’ என்பார்கள். நம் மொழியில் இடித்தல், திரித்தல், அரைத்தல், பொடித்தல் என்று வெவ்வேறு சொற்கள் இருப்பது வீணுக்கு அல்ல. உரலில் போட்டால் இடித்தல். திருகையில் போட்டால் திரித்தல். அம்மியில் நீர் தெளித்து இழுத்தால் அரைத்தல். அந்தக் கணக்குப்படி, பர் வகை செய்வது திரித்தல். பிளேடு வகைக்குப் பொடித்தல் என்ற சொல்லே போதும்.

இந்த வேறுபாடு நாக்கில் தெரியும். பிளேடு வகையில் ஒரு பக்கம் மாவாகவும் ஒரு பக்கம் துண்டு துண்டாகவும் கிடக்கும். வெந்நீர் ஊற்றும்போது மாவிலிருந்து கசப்பு மிகுதியாக இறங்கும். துண்டுகளில் சாரம் பாதி அப்படியே தங்கிவிடும். ஒரே குவளையில் கசப்பும் சப்பென்ற சுவையும் சேர்ந்தால் காரணம் இதுதான், பாலைக் குறை சொல்ல வேண்டாம்.

பிளேடு வகை வைத்திருப்பவர்கள் அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கிண்ணத்தில் பாதிக்கு மேல் கொட்டை போடாதீர்கள். விசையை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்காமல், இரண்டு மூன்று விநாடி அழுத்தி, விட்டு, இயந்திரத்தைச் சற்றே குலுக்கி, மறுபடி அழுத்த வேண்டும். குலுக்கும்போது மேலே நிற்கும் துண்டுகள் பிளேடுக்கு வரும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரும் சூடாகும், தூளும் சூடாகி மணம் போகும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் ‘கடகட’ என்று கேட்கும். பெரிய துண்டு குறையக் குறைய ஓசை சீராகி ‘உய்ய்’ என்று மாறும். அதோடு நிறுத்திவிடலாம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் விடியற்காலை ஐந்தரைக்குப் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அரைத்தால், அடியில் ஒரு மடித்த துண்டை வையுங்கள். பக்கத்து வீட்டாரின் தூக்கமும் முக்கியம்.

பர் வகையில் அளவு வளையம் ஒன்று இருக்கும். தென்னிந்திய பில்டருக்கு நடுத்தரத்தைவிடச் சற்று நைசான தூள் வேண்டும். அதற்கும் நைசாகப் போனால் டிகாஷன் சொட்டாமல் அடைத்துக்கொள்ளும். கரகரப்பாக இருந்தால் தண்ணீர் சரசரவென்று இறங்கி நீர்த்துப்போகும். துணிப்பையில் வடிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கரகரப்பு ஏற்றது. கரகரப்பிலிருந்து நைசுக்கு மாற்றுவதாக இருந்தால், மோட்டார் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். நின்றிருக்கும்போது இறுக்கினால் பற்களின் நடுவே கிடக்கும் கொட்டை நசுங்கி இயந்திரம் சிக்கிக்கொள்ளும்.

நம் நாட்டில் ஒரு தனிப் பிரச்சினையும் இருக்கிறது. கோப்பிக் கடைக்கென்று வறுக்கும் கொட்டையில் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்ப்பது வழக்கம். கறுத்துப் பளபளவென்று இருக்கும் அந்தக் கொட்டையின் மேல் உருகிய சர்க்கரை உறைந்திருக்கும். வீட்டுப் பர் கிரைண்டரில் போட்டால் அது பற்களில் பிசினாக ஒட்டி, இரண்டு மூன்று முறையில் இயந்திரத்தை முடக்கிவிடும். அதைக் கடையிலேயே தூளாக்கி வாங்குவதுதான் நல்லது. ஜொகூர்ப் பக்கம் விளையும் லைபெரிக்கா கொட்டை, அராபிக்காவைவிடப் பெரியது. சிறிய இயந்திரத்தின் வாயில் அது சில சமயம் தடுக்கி நிற்கும். அப்போது விரலை விடாதீர்கள். நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மரக்கரண்டியின் காம்பால் தள்ளிவிடுங்கள்.

விரல் என்று சொன்னதும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிளேடு வகையில் மூடியை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு சிறிய குமிழ் இருக்கும், அதுதான் பாதுகாப்பு விசை. பல மாதம் சரியாகத் துடைக்காததால், எண்ணெய்ப் பசையும் தூளும் சேர்ந்து என் இயந்திரத்தில் அந்தக் குமிழ் அழுந்தியபடியே நின்றுவிட்டது. ஒரு நாள் காலை அரைத்து முடித்து மூடியை எடுத்தேன். பிளேடு நிற்கவில்லை. தூள் கூரைவரை பறந்தது. தூளை வழிக்கக் கரண்டி எடுக்கத் திரும்பியிருந்தேன், அந்த ஒரு நொடிதான் என் விரலைக் காப்பாற்றியது. தவறு முழுக்க என்னுடையது. ஒரு பழைய பல்துலக்கியால் வாரம் ஒருமுறை தேய்த்திருந்தால் போதும்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். தேர்வுக்குச் செய்முறை எழுதும் மாணவர்கள் இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். ‘கிண்ணத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் படித்துக்கொண்டே செய்பவர் முதல் வாக்கியத்திலேயே துணியோடு கையை உள்ளே விட்டிருப்பார். பிளக்கைக் கழற்றுவது முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து மெல்லத் தட்டுவது. உலர்ந்த தூரிகையால் பிளேடின் அடிப்பகுதியையும் குமிழையும் தேய்ப்பது. பிழிந்த ஈரத்துணியால் துடைப்பது. உடனே உலர்ந்த துணியால் மறுபடி துடைப்பது. மோட்டார் இருக்கும் பகுதியைக் குழாயடியில் காட்டவே கூடாது. சிக்கு வாடை போகாவிட்டால், பிளேடு வகையில் ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டுப் பொடித்துக் கொட்டலாம், எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். பர் வகைக்கு அரிசி வேண்டாம். கொட்டையைவிட அது கடினம், மோட்டார் திணறும். அதற்கு மேல் வளையத்தைக் கழற்றித் தூரிகையால் தேய்த்தாலே போதும். கழற்றும் முன் எந்த எண்ணில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென நின்றுவிட்டால் பதற வேண்டாம். பல இயந்திரங்களில் சூட்டைக் கண்டு தானே நிறுத்தும் விசை உண்டு. பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். கருகிய வாடை வந்தாலோ ஒயர் சுட்டாலோ மறுபடி மாட்டாதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முனைப் பிளக்கை, மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தித் திறந்து நம் சுவரில் மாட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த மேல் துளை நிலத்தொடர்புக்கானது. அதைக் குத்தும்போது கீழ்த்துளைகளின் மூடி திறந்துகொள்கிறது. பிளக் இறுகப் பொருந்தாமல் ஆடி, பொறி பறக்கிறது. தடுப்பு மூடி வைத்ததே சின்னப் பிள்ளைகள் எதையும் நுழைக்கக் கூடாது என்பதற்காகத்தான், நாமே அவர்களுக்கு வழி காட்டுகிறோம். சரியான அடாப்டர் வாங்க ஒரு சில வெள்ளிதான் ஆகும்.

சிக்கரி சேர்ப்பவர்கள் கொட்டையோடு போட்டு அரைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும், கிண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அரைத்த தூளில் பிறகு கலந்துகொள்ளலாம். கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பு பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். பிரிட்ஜில் வைத்து எடுத்த கொட்டையின் மேல் நீர் பூக்கும், அந்த ஈரம் பற்களைத் துருப்பிடிக்க வைக்கும். மிளகும் மல்லியும் அதே இயந்திரத்தில் பொடித்துப் பார்த்தோம். இரண்டு வாரம் வீட்டில் காப்பி ரசமாக இருந்தது. இப்போது அந்தப் பழைய பிளேடு இயந்திரம் மசாலாவுக்கு, புதிதாக வாங்கிய பர் கிரைண்டர் காப்பிக்கு.